ரத்தம் உறைந்ததா என்று கேளுங்கள்

ராஜஸ்தானத்தின் தார்ப் பாலைவனத்தில், இரவில் வெறுங்காலோடு வயலுக்குப் போனவனைச் சுருட்டை விரியன் தீண்டிவிட்டால், நாட்டுப்புறத் தெய்வமான தேஜாஜியின் பெயரால் நூல் கட்டிவிட்டு, கடிவாய் சிறியது, வீக்கம் சொற்பம், ஆள் தெளிவாகப் பேசுகிறான் என்ற சமாதானங்களோடு விடியும்வரை காத்திருக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. பிரார்த்தனையை நான் குறை சொல்லவில்லை. அது ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நடக்கட்டும்.

மணல் நிறம், விலாவில் அலைபோல் ஓடும் வெளிறிய கோடு, சீண்டினால் உடலை வளைத்துச் செதிலோடு செதிலை உரசி ரம்பம் அறுப்பதுபோல் எழுப்பும் ஓசை ஆகியவையே அடையாளங்கள். தென்னாட்டுச் சுருட்டை பெரும்பாலும் ஒரு முழத்துக்குள் அடங்கும். பாலைவனத்து வகையோ 2 அடிக்கு மேலும் வளர்வதுண்டு. அடையாளம் காண்பதற்காக அதைத் துரத்தாதீர்கள், அடித்துத் தூக்கி வராதீர்கள். அறுந்த தலையும் கடிக்கும்.

இதன் விஷம் ரத்தத்தின் உறையும் சக்தியையே அழித்துவிடுவதால், பல மணி நேரம் கழித்துங்கூட ஈறிலும் சிறுநீரிலும் மூளையிலும் ரத்தம் கசியலாம். ஆகையால் கடிவாயைக் கீறாதீர்கள். கீறிய காயம் நிற்காமல் வடியும். இறுகக் கட்டாதீர்கள், உறுப்பை அசைக்காமல் கொண்டுபோங்கள்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்க வேண்டியது ஒரு பரிசோதனை. 2 மில்லிலிட்டர் ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் (பிளாஸ்டிக் கூடாது) எடுத்து, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்திருந்து, பிறகு ஒரே முறை சாய்த்துப் பார்க்க வேண்டும்; உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து உடனே வேண்டும். உறைந்திருந்தாலும் 24 மணி நேரம் வீடு திரும்பாதீர்கள். சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: முதல் சோதனையோடு திரும்பிவிடாதீர்கள்.

அந்த மருந்துக்கான விஷத்தின் பெரும்பகுதி, 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் எடுத்துத் தருவது. பாலைவனத்துச் சுருட்டையின் விஷத்துக்கு அம்மருந்து போதிய பலன் தருவதில்லை என்று ஜோத்பூர் மருத்துவர்கள் பதிவு செய்திருந்தும், அப்பிரதேசத்துக்கென மருந்து செய்வதில் அதிகாரிகள் காட்டும் மெத்தனம் மன்னிக்கத்தக்கதன்று. எனினும் கையிலிருக்கும் மருந்து அதுவே, மறுக்காதீர்கள்.

முன்பணம் கட்டச் சொன்னாலோ, போலீஸ் அனுமதி கேட்டாலோ, ராஜஸ்தானத்தின் 2023-ஆம் ஆண்டு சுகாதார உரிமைச் சட்டம் பாம்புக்கடியைப் பெயர் சொல்லியே முன்பணத்தினின்று விலக்கியிருப்பதையும், போலீஸ் அனுமதிக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கலாகாது என்று சொல்வதையும் எடுத்துச் சொல்லுங்கள். அச்சட்டத்துக்கான விதிகள் வரவில்லை என்று குமாஸ்தா சொன்னால், எந்த மருத்துவரும் அவசர சிகிச்சையைச் சடங்கு காட்டித் தள்ளிப்போடலாகாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 1989-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இந்தியா முழுவதற்கும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், கடித்த நேரம், சோதனை செய்த நேரங்கள், ஏற்றிய மருந்துக் குப்பிகளின் எண்ணிக்கை இவை எழுதிய சீட்டை வாங்கி, நோயாளியோடு போகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.