விழுந்த மரமும் மரக்காளானும்
டாப்சிலிப், ஆனைமலைப் புலிகள் காப்பகம்

இக்கட்டையில் அலமாரித் தட்டுபோல நீட்டிக்கொண்டிருப்பது மரக்காளான். சற்றுக் குனிந்து அடிப்புறத்தைப் பாருங்கள். வித்துத்தூள் உதிரும் நுண்துளைகள் தெரியும். வெளியே தெரிவது காய்ப்புப் பகுதி மட்டுமே. உண்மையான உடல், மரத்துக்குள் பரவி அதை மட்கச் செய்யும் பூஞ்சை இழைகள். முதிர்ந்த மரமும் பட்டுப்போன கட்டையும் காட்டில் இல்லையென்றால் இந்த இனங்களுக்கு வாழ இடமில்லை. 19ஆம் நூற்றாண்டில் இம்மலையிலிருந்து தேக்குத் தடிகள் சரிவில் உருட்டி இறக்கப்பட்டன. மரத்தோடு போனது மரம் மட்டுமல்ல. அமெரிக்காவின் வடமேற்கில் பழம்பெரும் ஃபிர் மரங்களை நம்பி வாழும் 'பிரிட்ஜியோபோரஸ் நோபிலிசிமஸ்' என்ற மரக்காளான், அம்மரங்கள் வெட்டப்பட்டதால் இன்று அழிவின் விளிம்பில் உள்ளது.

தென்னையைச் சாய்க்கும் பூஞ்சையைக் காப்பதா என்று பொள்ளாச்சி விவசாயிகள் கேட்டால் அது நியாயமே. 1952இல் தஞ்சாவூரில் கண்டறியப்பட்ட வாடல் நோய்க்குக் காரணம் கானோடெர்மா என்னும் மரக்காளான்தான். ஆனால் தோப்பின் நோய்க்குத் தோப்பில்தான் மருந்து. காட்டில் கதை வேறு: நடுத்தண்டைப் பூஞ்சை அரித்து உண்டாகும் பொந்துகளில்தான் இருவாச்சி முட்டையிடுகிறது, பொந்தைத் தானாகக் குடைய அதனால் முடியாது. மரக்காளானை ஒழித்துவிட்டு இருவாச்சியை மட்டும் காப்பாற்ற இயலாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளிலோ பூஞ்சைகளுக்கு இடமில்லை. ஆகவே பட்ட மரத்தை அகற்றாமல் விடுவதே இப்போதைக்கு இவற்றுக்குள்ள காப்பு. கட்டையைப் புரட்டாதீர்கள், காளானைப் பிய்க்காதீர்கள்.