வில் மாற்றும் வேலை: வீட்டிலா, பட்டறையிலா?

நம் சங்க அன்பர்களில் பலர் இன்று சொந்தக் கார் வைத்திருக்கின்றனர். அவற்றில் பாதிக்கு மேல் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி வந்த பழைய வண்டிகளே. பள்ளி விடுமுறை தொடங்கியதும் பெரியவர்களையும் குழந்தைகளையும் மூட்டை முடிச்சுகளையும் அதில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டு விடுகிறோம். மும்பையிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேலாகும். கண்டாலா மலையேற்றம், கோலாப்பூர், பெலகாவி, பெங்களூரு என்று நீளும் அவ்வழி முழுவதும் நம் பாரத்தைத் தாங்குபவை நான்கு வில்கள். புறப்படுமுன் என்ஜின் எண்ணெயைப் பார்க்கிறோம், டயரில் காற்றைப் பார்க்கிறோம். குனிந்து வில்லைப் பார்ப்பவர் மிக அரியர்.

அடியேன் இரயில்வேயில் எழுத்தர். ஸ்பானர் பிடிப்பது என் தொழிலன்று. எனினும் பணிமனையின் சரக்குப் பேரேட்டை ஆண்டுக்கணக்கில் எழுதி வந்ததில் வில்லைப் பற்றிய சில விஷயங்கள் மனத்தில் படிந்து விட்டன. பெரம்பூர்த் தொழிற்சாலை 2018 வரை செய்து வந்த பழைய வகைப் பெட்டிகளின் வில்களைக் கணக்கில் சேர்க்கும்போது வெறும் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதாது. ஒவ்வொரு வில்லின் மீதும் குறிப்பிட்ட பாரத்தை ஏற்றி, அந்நிலையில் அது நிற்கும் உயரத்தை அளந்து, மஞ்சள், நீலம், பச்சை என மூன்று பிரிவாக வண்ணக் குறி இடுவர். ஒரே போகியில் ஒரே வண்ணத்து வில்களே அமைய வேண்டும். உயரம் வேறுபட்டால் பாரம் ஒரு சக்கரத்தில் கூடி மற்றொன்றில் குறையும் என்பதே காரணம்.

காருக்கும் இதே நியாயந்தான். ஒரு பக்கத்து வில் ஒடிந்தது என்று அதை மட்டும் மாற்றுவது கூடாது. பழைய வில் தளர்ந்திருக்கும், புதியது நிமிர்ந்து நிற்கும், வண்டி ஒரு பக்கம் சாயும். முன் அச்சானால் முன் இரண்டும், பின் அச்சானால் பின் இரண்டும் ஜோடியாகவே மாற வேண்டும்.

வில் தளர்ந்ததை அறிவது எளிது. டயர்களில் சரியான காற்று அடைத்து, பாரமின்றிச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மேலேயுள்ள மட்கார்டு விளிம்பு வரை அளவு நாடாவால் அளக்க வேண்டும். இடமும் வலமும் கண்ணுக்குத் தெரியும்படி வேறுபட்டால் சந்தேகம் கொள்ளலாம். வில் ஒடிவதோ பெரும்பாலும் அடிச்சுற்றில்தான். அங்கே மண்ணும் நீரும் தங்கிப் பூச்சைத் தேய்த்துவிடும், துரு ஏறும், பிறகு ஒரு பள்ளத்தில் விழும்போது முறியும். நம் ஊர்க் கடற்காற்றும் நான்கு மாத மழையும் இதற்கு நன்றாகவே துணை செய்கின்றன. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்புறம் 'டக்' என்று ஓர் ஓசை கேட்டால் உடனே பார்க்க வேண்டும். ஒடிந்த நுனி டயரைக் கிழித்த நிகழ்ச்சிகள் உண்டு.

இனி வேலைக்கு வருவோம். அம்பாசடர் காலத்தில் பின்புறம் பட்டைவில் இருந்தது. யூ போல்ட்டுகளைக் கழற்றி, பட்டைகளைக் கொல்லனிடம் கொடுத்து வளைவு ஏற்றி வாங்கி மாட்டிய பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். இக்காலத்துச் சிறிய கார்களில் சுருள்வில்லே காணப்படுகிறது. நம்மவர் மிகுதியாக வைத்திருக்கும் ஆல்ட்டோவை எடுத்துக்கொள்வோம். அதன் முன்வில்லும் பின்வில்லும் உருவத்தில் ஒன்றுபோல் தோன்றினும் அமைந்திருக்கும் விதம் வேறு. வீட்டில் செய்யத்தக்கது எது, தகாதது எது என்பது இவ்வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

பின்புறத்தில் வில் தனியே நிற்கிறது, ஷாக் அப்சார்பர் தனியே நிற்கிறது. அச்சு கீழே இறங்க இறங்க வில் தானாகவே விரிந்து, இறுதியில் விசையற்றுக் கையோடு வந்துவிடும். பொறுமையும் நல்ல கருவியும் உள்ளவர் இதை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். முதலில் கெட்டியான சமதரை வேண்டும். கைப்பிரேக்கை நம்பக்கூடாது, அது பின்சக்கரங்களையே பிடிக்கிறது, அவற்றையே நாம் தூக்கப் போகிறோம். ஆகவே முன்சக்கரங்களுக்கு இரு புறமும் முட்டுக்கட்டை வைத்து, கியரையும் போட்டு வைக்க வேண்டும். சக்கர நட்டுகளைத் தூக்குமுன்னரே சற்றுத் தளர்த்திக் கொள்ளலாம்.

டிக்கியில் கிடக்கும் சிறு ஜாக்கி பஞ்சரான சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே உரியது. இவ்வேலைக்கு எண்ணெய் ஜாக்கியும், வண்டியின் உடலைத் தாங்க இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளும் இன்றியமையாதவை. செங்கல் அடுக்கி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செங்கல் முன்னறிவிப்பின்றிப் பிளக்கும். ஸ்டாண்டு வாங்க மனமில்லாதவர் இவ்வேலையைத் தொடாதிருப்பதே அவர்தம் குடும்பத்துக்கு நல்லது.

கையேட்டில் குறித்த இடத்தில் உடலை ஸ்டாண்டின் மீது அமர்த்தி, ஜாக்கியை அச்சின் நடுவே கொடுத்துச் சற்றே தாங்கிக்கொண்டு, ஷாக் அப்சார்பர்களின் அடிப் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். குறுக்குத் தண்டின் ஒரு முனையையும் விடுவிக்க நேரலாம். பின்னர் ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்க வேண்டும். அப்போது ஒருவர் கண் பிரேக் குழாயின் மீதே இருக்கட்டும். அது விறைக்கும் அளவுக்கு அச்சை இறக்கலாகாது. வில் வெளிவந்ததும் மேலும் கீழுமுள்ள ரப்பர் இருக்கையைப் பார்த்து, நைந்திருந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும். புது வில்லின் நுனி இருக்கையிலுள்ள படியில் சரியாகப் பொருந்த வேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி அந்தரத்தில் இருக்கும்போது கைமுறுக்கில் விட்டு, பாரம் அச்சின் மீது இறங்கிய பிறகே முழுதும் இறுக்குவது முறை. இல்லையேல் ரப்பர் எந்நேரமும் முறுக்குண்டே இருந்து விரைவில் கிழியும்.

முன்புறத்தின் கதை வேறு. அங்கே வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே கூட்டாகப் பிணைக்கப்பட்டுள்ளன, ஸ்ட்ரட் என்பர். வண்டியை எவ்வளவு உயரம் தூக்கினாலும் அதற்குள் வில் அழுத்தத்திலேயே இருக்கிறது. அதை அடக்கி வைத்திருப்பது உச்சியிலுள்ள ஒரே ஒரு நடு நட்டு. வில்லைத் தனிக் கருவியால் அமுக்கிப் பிடிக்காமல் அந்த நட்டைக் கழற்றினால், மேல்மூடியும் வில்லும் எதிரே இருப்பவர் முகத்தை நோக்கிப் பாயும்.

டோம்பிவிலியில் இருக்கும் என் மைத்துனர் சென்ற கோடையில் நான்கு வில்களையும் தாமே மாற்றிவிடுவதென்று புறப்பட்டார். கொக்கி வைத்த திருகுக் கருவி இரண்டையும் இரவல் வாங்கி வைத்திருந்தார். அவற்றில் ஒன்றின் மரை தேய்ந்திருந்தது.

"அத்தான், மெதுவாகத் திருகினால் போதும். பட்டறைக்காரனும் இதைத்தானே செய்கிறான்?" என்றார்.

"பட்டறையில் அதற்கென்று சுவரில் பொருத்திய அழுத்தி இருக்கிறது, தம்பி. ஒரு பக்கம் வழுக்கினால் உனக்கு இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் முகம் சற்று வாடிற்று. அருகில் அவருடைய ஐந்து வயது மகள் நட்டுகளைத் தட்டில் அடுக்கிக் கொண்டிருந்தாள். பின்வில்களை இருவருமாக அன்றே மாட்டினோம். முன் ஸ்ட்ரட்டுகளைச் சக்கரத் தாங்கியில் இணைக்கும் இரண்டிரண்டு போல்ட்டுகளையும் உச்சியின் ஓரத்து நட்டுகளையும் மட்டும் எடுத்து, நடு நட்டைத் தொடாமல், கூட்டை முழுதாகவே ஆட்டோவில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டு போனோம். அழுத்தியில் வைத்து வில் மாற்ற அரை மணி கூட ஆகவில்லை. கூலியும் இரவல் கருவிக்காக அவர் அலைந்த அலைச்சலை விடக் குறைவே. முன்புறம் கழற்றி மாட்டியதால் சக்கர அலைன்மென்ட் பார்ப்பது கட்டாயம். அதுவும் பட்டறை வேலையே.

வில் வாங்குமிடத்திலும் விழிப்பு வேண்டும். குர்லாவிலும் தில்லி மாயாபுரியிலும் பழைய வண்டிகளைப் பிரித்த உதிரிகள் மலிவாகக் கிடைக்கும். கதவுக் கைப்பிடி வாங்கலாம், விளக்கு வாங்கலாம். எத்தனை பள்ளம் கண்டதென்று தெரியாத வில்லை வாங்குவது தகாது. தொய்ந்த வில்லின் சுற்றுகளுக்கு இடையே ரப்பர் கட்டை செருகி உயர்த்தும் வழக்கமும் இங்கே பரவியிருக்கிறது. வண்டி நிமிர்ந்தது போலத் தோன்றும். ஆனால் ஒரு சுற்றின் அசைவு தடைப்பட, அதன் பங்கையும் மற்றச் சுற்றுகள் ஏற்க நேர்கிறது. வண்டியைத் தாழ்த்துவதற்காக வில்லைத் தீயில் காய்ச்சுவதும் வெட்டுவதும் அதனினும் கேடு. காய்ச்சினால் எஃகின் பதம் போய்விடும்.

புதிய வில் மாட்டியபின் வண்டி சற்று உயரமாக நிற்கும். சில நாள் ஓட்டத்தில் அது படிந்துவிடும். அதற்குள் யாரும் கவலையுற வேண்டாம். முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளையும், கழற்றி மாட்டிய ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்து நான்கு மட்கார்டு உயரங்களையும் அளந்து, தேதியுடன் வண்டிப் புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள். அடுத்த பயணத்துக்கு முன் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.