மூலமும் பிரதியும்

சிங்கப்பூரில் 1887-ஆம் ஆண்டு மகுதூம் சாயபு தொடங்கி, 1890-ஆம் ஆண்டோடு நின்றுபோன ‘சிங்கை நேசன்’ வார இதழின் பக்கங்களை இன்று தேசிய நூலக வாரியத்தின் இணையதளத்தில் எவரும் வீட்டிலிருந்தபடியே வாசிக்கலாம் என்பதும், சுதந்திர சிங்கப்பூரின் தமிழிலக்கிய நூல்கள் பல 2015-இல் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின் வாயிலாக மின்வடிவம் பெற்றன என்பதும் நாம் பெருமிதம் கொள்ளத்தக்க விஷயங்கள். தாள் மக்கினாலும் படம் நிலைக்கும் என்ற தைரியத்தில்தான் இத்தகைய காரியங்கள் நடைபெறுகின்றன. ஆவணக் காப்பகத்தார் பொதுவாக மூலப்படத்தை, 1986-இல் தோன்றிய டிஃப் போன்ற உருவில், ஓர் அணுவும் குறையாமல் பத்திரப்படுத்தி, வாசகர் பார்வைக்கென அதிலிருந்து சிறிய பிரதிகளை எடுப்பார்கள்.

நம் இல்லங்களிலோ மூலமும் பிரதியும் ஒன்றாகவே கிடக்கின்றன. தீபாவளிக் காலத்தில் சிராங்கூன் சாலையின் விளக்கலங்காரத்தைக் கைப்பேசியில் பிடித்து, ஓரத்தை வெட்டி, ஒளியைக் கூட்டி, அதே கோப்பின்மீதே சேமித்துவிடுகிறோம். கோப்பு பெரும்பாலும் ஜேபெக் என்னும் உருவில் இருக்கும்; சேமித்த கணத்திலேயே மூலம் மறைந்துபோகிறது.

1992-இல் நியதியாக்கப்பட்ட ஜேபெக் முறை, மனிதக் கண்ணின் பலவீனத்தை நன்கறிந்தவர்களின் படைப்பு. படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சதுரங்களாகப் பகுத்து, மெல்ல மாறும் ஒளியை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, சட்டென்று மாறும் நுட்பங்களைத் தோராயமாக்கி, ஒளியைக் காட்டிலும் நிறத்தைக் கண் மந்தமாகவே உணருமாகையால் நிற விவரத்தை இன்னும் அதிகமாகச் சுருக்கிவிடுகிறது. பன்னிரண்டு மெகாபிக்சல் படமொன்று சுருக்கப்படாவிட்டால் 36 மெகாபைட் இடம் கொள்ளும். ஜேபெக்கில் அது மூன்று நான்கிலேயே அடங்கிவிடுவதுண்டு. வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்தை இப்படிச் சேமித்தால் குறை ஏதும் கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் மஞ்சள் பின்னணியில் குங்கும நிறத்தில் கல்யாணப் பத்திரிகை எழுத்துகளை அமைத்துச் சேமித்துப் பாருங்கள்: சுழிகளின் ஓரங்களில் அழுக்குப் படிந்தாற்போல் ஒரு கலக்கம் தோன்றும், சிறிய எழுத்தாயின் மெய்யின் புள்ளியே மங்கிவிடும். தமிழெழுத்தின் வளைவுகளை இம்முறை அவ்வளவாக மதிப்பதில்லை என்பேன். கோப்பைத் திறந்து பார்ப்பதாலோ, வேறிடத்தில் நகலெடுத்து வைப்பதாலோ சேதமில்லை. திருத்தித் திருத்தி மீண்டும் சேமிப்பதே சேதம். தரத்தை நூறு என்று குறித்துவிட்டால் இழப்பே இராது என்று எண்ணுவோரும் உளர், அதுவும் பிரமையே.

எழுத்துக்கும் சின்னங்களுக்கும் ஏற்றது பிஎன்ஜி. 256 நிறங்களுக்குமேல் ஏலாத ஜிஃப் முறையைச் சூழ்ந்து காப்புரிமைத் தகராறு எழுந்தபின், 1996-இல் வெளிவந்த இது, இழப்பின்றிச் சுருக்கும். பின்னணியைக் கண்ணாடிபோல் விடவும் இடந்தரும். புகைப்படங்களுக்கு மட்டும் கோப்பு பருத்துவிடும்.

வேலையின் வரிசையில் இவற்றுக்கெல்லாம் முன்னே வருவது வேலைக்கோப்பு. எழுத்து ஓர் அடுக்கு, பூவேலை ஓர் அடுக்கு, பின்னணி ஓர் அடுக்கு என்று தனித்தனியே நிற்க, படந்திருத்தும் மென்பொருள்களில் ஃபோட்டோஷாப் பிஎஸ்டி உருவிலும், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் எக்ஸ்சிஎஃப் உருவிலும் அவற்றைக் காக்கின்றன. 2012-இல் வந்த கிம்ப் 2.8, ‘சேமி’ என்றால் எக்ஸ்சிஎஃப் மட்டுமே, ஜேபெக்கும் பிஎன்ஜியும் வேண்டுமாயின் ‘ஏற்றுமதி’ செய்க என்று விதித்தபோது, பழக்கம் மாறியதென்று பலர் கோபித்தார்கள். நான் அந்த விதியின் பக்கமே நிற்பேன். சென்ற ஆண்டு விழாச் சுவரொட்டியின் ஜேபெக்கைக் கொண்டுவந்து, தேதியை மட்டும் மாற்றித் தரும்படி கேட்பவரிடம், எழுத்தும் பின்னணியும் ஒன்றாய் உறைந்துவிட்டன, முழுவதையும் புதிதாக அமைக்க வேண்டும் என்று விளக்க நேரும் வடிவமைப்பாளரின் சங்கடம் அந்த விதியை மதித்தவர்களுக்கு வராது.

2017 முதல் ஐபோன்கள் ஹெச்ஈஐசி என்னும் புதிய உருவில் படமெடுப்பதால், அதைத் திறக்க மாட்டாத பழைய கணினிகளில் வேறு சிரமம் உண்டு. அதனினும் பெரிது வாட்ஸ்அப்பில் நேர்வது. “போட்டோவா அனுப்பாதீங்க அண்ணே, டாக்குமென்டா அனுப்புங்க” என்று அச்சுக்கு ஏற்பாடு செய்பவர் கேட்டுக்கொண்டால், அதை வீண் கண்டிப்பென்று கொள்ளலாகாது. போட்டோவாக அனுப்பினால் செயலி படத்தைச் சிறிதாக்கி மறுபடியும் ஜேபெக்காகச் சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் கோப்பு உள்ளபடியே போய்ச்சேரும்.