டிராக்டருக்கு ஏன் தாகம்?

பங்காரு வாய்க்கால் வழியே தென்பெண்ணை நீர் வந்து பாகூர் ஏரி நிரம்பிவிட்டால், சுற்றியுள்ள கழனிகளில் சேற்றுழவு தொடங்கிவிடும். இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டிய டிராக்டர் சேற்றைக் கலக்கிக்கொண்டு செல்வதையும், பின்னாலேயே கொக்குகள் நடப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். வில்லியனூர்ப் பக்கத்து வயல்களிலும் இதே காட்சிதான்.

ஒரு நாள் நடுப்பகலில் டிராக்டர் திடீரென்று நிற்கிறது. முன்பக்கத்திலிருந்து புசுபுசுவென்று ஆவி கிளம்புகிறது. ஓட்டுநர் குரல் கொடுக்கிறார்: "தம்பி, மோட்டார் கொட்டாயிலேருந்து ஒரு குடம் தண்ணி கொண்டா!"

குடத்தை எடுக்குமுன் சற்றுப் பொறுங்கள்! அந்த ஒரு குடம் தண்ணீரில் இரண்டு ஆபத்துகள் உள்ளன. ஒன்று உங்களுக்கு, மற்றொன்று எஞ்சினுக்கு.

வெப்பம் எங்கே போகிறது?

டீசல் எரியும்போது சிலிண்டருக்குள் வாயுவின் வெப்பநிலை ஒரு கணம் 2000 டிகிரி செல்சியசையும் தாண்டுகிறது. ஆனால் அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். பிஸ்டனோ அலுமினியக் கலவையால் ஆனது! அது உருகாமல் தப்புவதற்குக் காரணம், சிலிண்டரைச் சுற்றி இடைவிடாமல் ஓடும் தண்ணீர்தான்.

டீசலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதியைத் தண்ணீர் சுமக்கிறது. 35 குதிரைத்திறன் என்பது சுமார் 26 கிலோவாட். அந்த எஞ்சின் முழு வேகத்தில் உழைக்கும்போது தண்ணீரில் சேரும் வெப்பம் 20 கிலோவாட் என்று கொள்வோம். 10 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டரை நிமிடம்கூட ஆகாது!

எனவே தண்ணீர் தன் சூட்டை உடனுக்குடன் இறக்கி வைக்க வேண்டும். அதற்கான இடமே ரேடியேட்டர். பம்பு தண்ணீரை மெல்லிய குழாய்களுக்குள் தள்ளுகிறது. குழாய்களை ஒட்டியுள்ள தகடுகளின் ஊடே விசிறி காற்றை இழுக்கிறது. பரப்பு மிகுந்தால் வெப்பம் விரைவில் வெளியேறும். இந்த உண்மையைப் பயன்படுத்தித்தான் ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக், 1900ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கான சிறு குழாய்கள் கொண்ட தேன்கூட்டு ரேடியேட்டரை உருவாக்கினார்.

முதல் ஆபத்து: மூடி

ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று. அது ஓர் அழுத்த வால்வு. அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலையும் கூடும். பிரஷர் குக்கரின் தத்துவமும் இதுதானே! உள்ளே 110 டிகிரியில் உள்ள நீர் கொதிக்காமலே இருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறைந்து, ஒவ்வொரு லிட்டர் நீரிலும் ஒரு சிறு பகுதி உடனே ஆவியாகும். அந்தச் சிறு பகுதியே 30 லிட்டருக்கும் மேற்பட்ட நீராவி! அது கொதிநீரையும் வாரிக்கொண்டு முகத்தில் பாயும்.

ஆகவே சூடான எஞ்சினின் மூடியைத் தொடாதீர்கள். எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் குளிர்ந்த நீரை ஊற்றினால், சூடேறிய இரும்பு ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கி விரிசல் விடவும் கூடும்.

இரண்டாம் ஆபத்து: தண்ணீர்

கிணற்று நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். சூடாகும்போது அது கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிச் சுவரில் படியும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் நீங்கள் காணும் வெள்ளைப் படிவு இதுவே. 1 மில்லிமீட்டர் படிவு, 20 மில்லிமீட்டருக்கும் கனமான இரும்புச் சுவரைப் போல வெப்பத்தைத் தடுக்கும். கடலோரக் கிராமங்களில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே ஊடுருவும். அந்த உப்பு உலோகத்தை அரிக்கும். அவசரத்துக்கு ஊற்றிய ஒவ்வொரு குடமும் அடுத்த பழுதுக்கு வித்தாகிறது.

செய்து பாருங்கள்

கிணற்று நீர், ஏரி நீர், மழைநீர், பேட்டரிக்கு ஊற்றும் வடித்த நீர் ஆகிய நான்கிலும் சம அளவு எடுத்து, தனித்தனிக் கண்ணாடித் தட்டுகளில் வெயிலில் காயவிடுங்கள். எதில் மிகுதியான படிவு? அதன்மேல் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். குமிழ்கள் வந்தால் அது கார்பனேட். எந்த நீரை எஞ்சினுக்குக் கொடுக்கலாம் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்!

பழுதைத் தவிர்க்க

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சாவியை எடுத்துவிட்டுப் பெரியவர்களுடன் சேர்ந்து இவற்றைக் கவனியுங்கள்:

1. நீர் மட்டம் சரியா? குறைந்தால் கையேட்டில் கூறியபடி வடித்த நீரும் கூலன்டும் கலந்து ஊற்றுங்கள். கூலன்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும்.

2. தகடுகளில் வைக்கோல் தூசும் சேறும் அடைத்துள்ளனவா? விசிறிப் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெதுவாக நீர் பீய்ச்சிக் கழுவுங்கள். காற்று வந்த வழியே அழுக்கும் வெளியேற வேண்டும்.

3. விசிறிப் பெல்ட் தளர்ந்தோ வெடித்தோ உள்ளதா?

4. ரப்பர்க் குழாய்களில் கசிவு உள்ளதா?

5. பழைய கூலன்டைக் கையேடு சொல்லும் காலத்தில் மெக்கானிக்கைக் கொண்டு மாற்றுங்கள்.

ஓர் எச்சரிக்கை! கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, ஆனால் நஞ்சு. நாயோ ஆடோ குடித்தால் இறந்துவிடும். அதை வாய்க்காலில் கொட்டக் கூடாது.

தூர் வாராத வாய்க்கால் ஏரிக்கு நீர் கொண்டு வராது அல்லவா? படிவு அடைத்த ரேடியேட்டரும் அப்படித்தான். உழவு நாளில் ஒரு டிராக்டர் நின்றால், ஏரியில் தண்ணீர் இருந்தும் நடவு தள்ளிப்போகும். அடுத்த முறை ஓட்டுநர் குடம் கேட்கும்போது, "அண்ணே, முதல்ல எஞ்சின் ஆறட்டும். நான் வடித்த தண்ணி கொண்டு வரேன்" என்று சொல்லுங்கள். காரணம் கேட்டால் விளக்கவும் உங்களுக்குத் தெரியுமே!