சிரவணபெளகொள: ஊர்ப்பெயரும் ஒலிபெயர்ப்பும்

கருநாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில், சென்னராயபட்டண வட்டத்தில் அமைந்த சிற்றூர் சிரவணபெளகொள. கி.பி. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் கங்க அமைச்சர் சாவுண்டராயர் எடுப்பித்த, ஏறத்தாழ 57 அடி உயரமுடைய கொம்மடேசுவரர் சிலையால் இவ்வூர் புகழ்பெற்றது. ஆயினும் ஊர்ப்பெயர் சுட்டுவது சிலையை அன்று, நீர்நிலையையே. தொட்டபெட்ட (பெரிய மலை), சிக்கபெட்ட (சிறிய மலை) என மக்கள் வழங்கும் இரு குன்றுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் குளமும் ஊரும் உள்ளன. விந்தியகிரி, சந்திரகிரி என்பன அக்குன்றுகளின் வடமொழிப் பெயர்கள்.

பெளகொள என்பது 'பெள்' (வெண்மை), 'கொள' (குளம்) என்னும் இரு கூறுகளால் ஆனது. தமிழின் மொழிமுதல் வகரம் கன்னடத்தில் பகரமாதலை வேர்–பேரு, வில்–பில்லு என்பவற்றிலும், உகரம் ஒகரமாதலை குடம்–கொட, குடை–கொடெ என்பவற்றிலும் காணலாம். எனவே பெளகொள என்பதற்கு நேரான தமிழ் வடிவம் வெண்குளம் என்பதாகும். பெள்குள்ள என்று கொண்டு, குள்ளகாயின் ஓட்டில் சிலையின் நீராட்டுக்குப் பால் கொணர்ந்த மூதாட்டியின் கதையோடு பெயரை இணைப்பாரும் உளர். ஆனால் வடமொழிக் கல்வெட்டுகள் இவ்வூரைத் தவளசரசு, சுவேதசரோவரம் என மொழிபெயர்த்தே குறிக்கின்றன. கல்வெட்டுக் காலத்தார் பெயருக்குக் கொண்ட பொருள் வெண்குளமே என்பதற்கு அம்மொழிபெயர்ப்புகளே சான்று.

'சிரவண' என்னும் அடை, சமணத் துறவியைக் குறிக்கும் 'சிரமண' என்பதன் திரிபு. தமிழின் 'சமணர்' என்னும் சொல்லும் அம்மூலத்ததே. அருகிலுள்ள ஹளெபெளகொள, கோடிபெளகொள என்பவற்றினின்று இவ்வூரை அவ்வடை வேறுபடுத்துகிறது.

உரோமன் எழுத்து வழியாகத் தமிழுக்கு வரும்போது இப்பெயர் 'சரவணபெலகொலா' ஆகிறது. ளகரம் லகரமாவதால் குளம் மறைகிறது. 'சிரவண' என்பது 'சரவண' ஆவதால் சமணத் துறவியின் இடத்தில் முருகன் பெயர் வந்து அமர்கிறது. பிழை ஒலியளவில் நில்லாது ஊரின் வரலாற்றையே மாற்றிவிடுகிறது.

சிலையின் காலடியில் கன்னடம், தமிழ், மராத்தி ஆகிய மும்மொழிகளிலும் சிறு கல்வெட்டுகள் உள்ளன. தமிழ்க் கல்வெட்டில் வினை 'செய்வித்தான்' என மொழிபெயர்ந்துள்ளது. செய்வித்தவர் பெயரோ மொழிபெயர்க்கப்படாமல், தமிழ் மரபுக்குரிய 'அன்' ஈறு பெற்று நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர்க்கு இஃது ஏற்ற நெறி. ஈற்றைத் தம் மொழிக்கேற்ப 'பெளகொளா' எனவோ 'பெளகொளம்' எனவோ அமைத்துக்கொள்ளலாம்; பொருள் தாங்கும் உள்ளெழுத்துகளை மாற்றுதல் ஆகாது. முதன்முறை வருமிடத்தில் 'வெண்குளம்' என்னும் பொருளைச் சுட்டினால் பெயரும் நிலமும் ஒருங்கே வாசகரைச் சேரும்.