சிற்றெஞ்சினும் சமநிலையும்

ஹெப்பகோடியில் நாம் குடியிருக்கும் தெருவில், தருமபுரியிலிருந்து வந்து பொம்மசந்திரத் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை பார்க்கும் அன்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மைந்தன் ஓராண்டு சேர்த்த காசில் இரண்டரை கன சென்டிமீட்டர் எஞ்சின் ஒன்றை வாங்கி, தான் செய்த மாதிரி விமானத்தில் பொருத்தினான். எஞ்சின் ஓடிற்று, விமானமோ நடுங்கிற்று. திருகுகள் தளர்ந்தன, எரிபொருள் நுரைத்து எஞ்சின் அடிக்கடி நின்றது. பையன் எஞ்சினைப் பிரித்து, உள்ளிருக்கும் எதிர் எடையை அரத்தால் தேய்க்க முனைந்தான். தந்தை தடுத்துவிட்டார். அவர் தடுத்தது சரியே என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

இத்தகைய எஞ்சின் நிமிடத்திற்கு 12,000 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்வோம். அதன் பிஸ்டன் நொடிக்கு 400 முறை நின்று திரும்புகிறது. பிஸ்டனும் அதனோடு மேலும் கீழும் செல்லும் பகுதிகளும் 5 கிராம், அவை செல்லும் தூரம் 14 மில்லிமீட்டர் என்றால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஏறத்தாழ ஐந்தரைக் கிலோகிராம் எடைக்கு ஈடான விசை எஞ்சினை உலுக்குகிறது.

இதைத் தணிக்கவே கிராங்க் தண்டில் எதிர் எடை வைக்கப்படுகிறது. ஆனால் பிஸ்டன் நேர்கோட்டில் செல்வது. எதிர் எடையோ வட்டத்தில் சுழல்வது. பிஸ்டனின் விசை முழுவதையும் அது ஈடுசெய்யுமாறு அமைத்தால், மேல் கீழ் ஆட்டம் நீங்கி, அதே அளவு பக்கவாட்டு ஆட்டம் தோன்றிவிடும். ஆகையால் பாதியளவு ஈடுசெய்வதே பொது வழக்கம். எஞ்சும் பாதி, தண்டுக்கு எதிர்த்திசையில் சுழலும் விசையாக நிற்கும். 1955ஆம் ஆண்டு முதல் சென்னையில் உருவான ஒற்றை உருளைப் புல்லட் மோட்டார் சைக்கிளின் அதிர்வை அறியாத தமிழர் உண்டோ? 2020இல் வந்த மீட்டியார் 350 வண்டியில், எதிர்த்திசையில் சுழலும் சமன்தண்டு ஒன்றைச் சேர்த்து அந்த மீதியையும் அடக்கினர். சிற்றெஞ்சினில் அதற்கு இடமில்லை. எனவே செய்தவர் கணித்து வைத்த எதிர் எடையைத் தேய்ப்பது, உள்ள சமநிலையையும் கெடுப்பதாகும்.

அப்படியாயின் குறை எங்கே? பெரும்பாலும் விசிறியில்தான். 20 சென்டிமீட்டர் விசிறியின் ஓர் அலகு நுனி, மற்றதைவிட ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நான்கைந்து அரிசிமணியளவு, கனமாயிருந்தால் போதும். மேற்சொன்ன வேகத்தில் ஒன்றரைக் கிலோகிராமுக்கு மேற்பட்ட விசை ஒரே பக்கம் இழுக்கும்.

சோதிக்கும் முறை எளிது. விசிறியின் துளையில் நேரான கம்பியொன்றை இறுக்கமாகச் செருகுக. இரண்டு சவர அலகுகளை ஒரே மட்டத்தில், கூர் மேலாக நிறுத்தி, அவற்றின்மீது கம்பியைக் கிடத்துக. கனமான அலகு தாழும். அதன் முதுகை நுண்ணிய உப்புத்தாளால் சீராகத் தேய்க்க வேண்டும். நுனியை வெட்டுவதோ துளையிடுவதோ கூடாது. விசிறி கிடைமட்டமாக நின்றபின், செங்குத்தாக நிறுத்திப் பார்க்க வேண்டும். அப்போது ஒரு பக்கம் சாய்ந்தால் நடுக்குமிழ் அப்பக்கம் கனமுடையது. மறுபக்கத்தில் சிறிது வார்னிஷ் பூசிச் சரிசெய்யலாம்.

விரிசலுற்ற விசிறியை ஒட்டிச் சீராக்க எண்ணாதீர்கள், ஒடித்தெறியுங்கள். ஓடும் விசிறியின் சுழல்வட்டத்துக்கு நேரே எவரும் நிற்கலாகாது. பிய்ந்து பறக்கும் துண்டு கண்ணைப் பறித்துவிடும்.

பையனின் விசிறியைத் தந்தை அவ்வாறே கிடத்தினார்; ஓர் அலகு உடனே தாழ்ந்தது. ஒரு மாலைப்பொழுது தேய்த்தபின் எஞ்சின் நிற்காமல் ஓடிற்று. சிறிது நடுக்கம் எஞ்சியது. அது ஒற்றை உருளையின் இயல்பு. குறை எது, இயல்பு எது என்று பகுத்தறிந்தபின் அரத்தை எடுப்பதே தொழிலறிவு.