கைக்குட்டையும் பூமாலையும்: கதை எங்கிருந்து தொடங்குகிறது?

மாணவர்களே, "மறக்க முடியாத ஒரு நாள்" என்று தலைப்புக் கொடுத்தால் போதும், உங்களில் பலர் உடனே யாரையாவது சாலையில் அடிபட வைத்துவிடுகிறீர்கள். 'டமார்' என்று ஒரு சத்தம், கூட்டம், அம்புலன்ஸ், முடிவில் ஒரு பழமொழி. திருத்தித் திருத்தி எனக்கே அந்தச் சாலை மனப்பாடம் ஆகிவிட்டது.

என் மாணவி ஒருத்தியும் அப்படித்தான் எழுதினாள். பிழை குறைவு, சுமாரான மதிப்பெண் போட்டேன். அவள் அப்பாவுக்குத் தேக்காவில் பூக்கடை. பேச்சுவாக்கில், ஒரு தீபாவளிக்கு முந்தின இரவு நடந்ததைச் சொன்னாள். மல்லிகை தட்டுப்பாடு. ஒரு பாட்டி வாய்ச்சொல்லாகக் கேட்டிருந்த மாலையை அப்பா தனியாக எடுத்து வைத்திருந்தார். வேறொருவர் இரட்டை விலை தருவதாகச் சொல்லியும் கொடுக்கவில்லை. பாட்டி வரவே இல்லை. கடையை மூடிவிட்டு இருவரும் பாட்டியின் வீட்டுக்கே போனார்கள். மூட்டுவலியால் பாட்டியால் கீழே இறங்க முடியவில்லை.

"இதை ஏம்மா எழுதலை?" என்றேன்.

"அது எங்க கடை டீச்சர். அதெல்லாம் கதையா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இக்கட்டுரை. ஒரு செய்தி எப்போது கதையாகிறது? நாம் எல்லாரும் போய்வரும் ஒரு கடையை வைத்தே பார்ப்போம்.

1971இல் கேம்பல் லேனில் 'முகம்மது முஸ்தபா அண்ட் சம்சுதீன்' என்ற துணிக்கடை தொடங்கப்பட்டது. 1995இல் சையது ஆல்வி சாலையில் முஸ்தபா சென்டர் திறக்கப்பட்டது. 2003இல் அது 24 மணி நேரக் கடையானது. எல்லாம் உண்மை. ஆனால் படித்து முடித்ததும் மறந்துவிடும்.

இப்போது இப்படிப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த தந்தை கேம்பல் லேனில் தள்ளுவண்டியில் உணவு விற்கிறார். பக்கத்தில் நிற்கும் சிறுவன் முஸ்தாக் அகமது கைக்குட்டை விற்கிறான். பின்னாளில் அவர் கடை போட்டபோது, லிட்டில் இந்தியாவில் பேரம் பேசாமல் யாரும் பொருள் வாங்கமாட்டார்கள். அவரோ ஒரே விலை என்று வைத்தார். வாடிக்கையாளர் முகம் சுளித்துப் போய்விட்டால்?

அந்தக் 'போய்விட்டால்?' வந்தவுடன் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள் அல்லவா? முதல் பத்தியில் ஆண்டுகள் இருந்தன, ஆள் இல்லை. இரண்டாவதில் ஓர் ஆள் இருக்கிறார், அவருக்கு ஒரு விருப்பம் இருக்கிறது, எதிரே வழக்கம் என்ற தடை நிற்கிறது, இழப்பு வரக்கூடிய ஒரு முடிவை அவர் எடுக்கிறார். கையில் பிடித்துப் பார்க்க ஒரு கைக்குட்டையும் இருக்கிறது. 'ஏழ்மையில் வாடினார்' என்று பத்து அடைமொழி போடுவதைவிட அந்தக் கைக்குட்டை அதிகம் சொல்கிறது.

வணிகத்தில் கதை சொல்பவர்களும் செய்வது இதைத்தான். 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்ற பலகையை யார் படிக்கிறார்கள்? (நானும் படிப்பதில்லை.) வாடிக்கையாளருக்காகக் காத்திருந்த ஒரு மாலையைப் பற்றிச் சொன்னால் நின்று கேட்பார்கள்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வகுப்பில் இதை நாம் அழுத்திச் சொல்வதில்லை. தேர்வுக் கட்டுரையில் என் மாணவி பாட்டிக்குப் பதில் தாத்தாவை வைக்கலாம், மழையைக் கொட்டச் செய்யலாம். அது புனைவு. அதே நிகழ்வைக் கடையின் விளம்பரத்தில் போட்டால் ஒரு துளி மழையைக்கூடச் சேர்க்க முடியாது. சேர்த்தால் அது ஏமாற்று. ஆசிரியர்கள் இரண்டையும் ஒரே பாடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். ஒரே நிகழ்வு, ஒருமுறை சிறுகதையாக, ஒருமுறை கடையின் அறிமுகமாக எழுதச் சொல்லுங்கள். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர்களே வாதாடுவார்கள்.

தேர்வு எழுதுவோருக்கு இன்னொன்று. காலையில் பல் துலக்குவதிலிருந்து தொடங்காதீர்கள். 'கதிரவன் தன் பொற்கதிர்களை' வேண்டவே வேண்டாம். முடிவெடுக்க வேண்டிய அந்தக் கணத்துக்குச் சற்று முன்னால் தொடங்குங்கள். பூக்கடைக் கதையில் அது இரட்டை விலை பேசப்பட்ட நேரம். அங்கே பேச்சை எழுதுங்கள், கையின் அசைவை எழுதுங்கள், நிதானமாக. வீடு திரும்பிய பயணத்துக்கு ஒரு வரி போதும்.

அவள் திரும்ப எழுதிக்கொண்டு வந்தாள். சந்திப்பிழை நாலைந்து இருந்தது. முதல் வரி: "அப்பா அந்த ஒரு மாலையை மட்டும் கொக்கியில் மாட்டவில்லை."

வகுப்பில் நான் அதை வாசித்ததும், எப்போதும் தூங்கி வழியும் கடைசி வரிசைப் பையன் கேட்டான்: "ஏன் டீச்சர் மாட்டலை?"